மே லீவில் பிள்ளைகளுக்கு ஓலைப் பின்னல்: எதில் ஆரம்பிக்கலாம்?

சாத்தான்குளம் பேத்தி கேட்டது:

மே லீவுக்கு சாத்தான்குளம் பக்கம் அம்மா வீட்டுக்குப் போகிறோம். என் மகள், அண்ணன் பிள்ளைகள், பக்கத்து வீட்டு வாண்டுகள் என்று ஏழெட்டுப் பேர் சேருவார்கள். ஐந்து வயதிலிருந்து பதின்மூன்று வரை எல்லா சைஸிலும் உண்டு. போன லீவு முழுக்க ஃபோனிலேயே கழிந்தது. இந்தத் தடவை காலையில் கொஞ்ச நேரமாவது ஊர் மரம், செடிகளைக் காட்டி, ஓலையில் எதையாவது முடைய வைக்கலாம் என்று ஆசை.

இங்கே கோவையில் ஒரு கோடை முகாமில் சேர்த்துப் பார்த்தேன். கலர் காகிதத்தைப் பட்டை பட்டையாக வெட்டிக் கொடுத்து, குறுக்கும் நெடுக்கும் கோக்கச் சொன்னார்கள். அத்தோடு பாரம்பரிய நெசவு முடிந்துவிட்டதாம்! எங்கள் ஆச்சி பெட்டி முடைவார். அம்மாவுக்குக் கை வரவில்லை, எனக்குச் சுத்தமாகத் தெரியாது. ஓலை எங்கே வாங்குவது? சின்னதுகளுக்கு என்ன வேலை கொடுப்பது?

ஓலைப்பெட்டி டீச்சர்:

தங்கச்சி, ஓலையை விலைக்கு வாங்காதீர்கள். உங்கள் ஊரைச் சுற்றி வடலி, அதாவது இளம் பனை, இல்லாமலா போகும்? விளைக்காரரிடம் (பனந்தோப்புக்காரரிடம்) ஒரு வார்த்தை கேட்டால் போதும். நான் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு லீவு விட்டால் எங்கள் வீட்டுத் திண்ணைதான். அந்த உரிமையில் சொல்கிறேன்.

முதல் நாள் முடையவே வேண்டாம். வெயில் ஏறுமுன் பனங்காட்டுக்குக் கூட்டிப் போங்கள். ஆண் பனை எது, பெண் பனை எது என்று பிரிக்கச் சொல்லுங்கள். மே மாதம் இதற்கு நல்ல நேரம். பெண் பனையில் நுங்குக் குலை தொங்கும், ஆண் பனையில் விரல் விரலாகக் கதிர் நிற்கும். அப்புறம் ஒரு வடலியைக் காட்டி "இது எது?" என்று கேளுங்கள். பெரிய பையன்கள் அடித்துச் சொல்வார்கள். பூக்கிற வரைக்கும் யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குப் பத்துப் பதினைந்து வருஷம், சில மரத்துக்கு அதற்கு மேலும் ஆகும். நுங்கு வெட்டினால் கண்ணை எண்ணச் சொல்லுங்கள். பெரும்பாலும் மூன்று, சிலதில் இரண்டு. நுங்கைத் தின்றபின் மிஞ்சுகிற கூந்தல் (வெறும் காய்) இரண்டும் ஒரு கவட்டைக் கம்பும் இருந்தால் சின்னதுகளுக்கு வண்டி தயார்.

பதநீர் கிடைத்தால் பட்டை (ஓலைக் குடுவை) பிடித்துக் குடிக்கச் சொல்லுங்கள். ஓலையை மடித்து நுனியைக் கட்டுவதுதான் அவர்கள் கை படிகிற முதல் ஓலை வேலை. கலயத்தில் ஏன் சுண்ணாம்பு தடவுகிறார்கள் என்று எவனாவது கேட்பான். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும் என்று சொல்லுங்கள், வீட்டில் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

ஓலைக்கு வருவோம். முடைய குருத்தோலைதான் நல்லது. பனை ஏறக்குறைய மாதத்துக்கு ஓர் ஓலைதான் விடும். அதனால் ஒரு வடலியில் ஒரு குருத்துக்கு மேல் தொடக்கூடாது. (முழு மரத்தையே வெட்ட வேண்டுமென்றால் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். பெரிய பிள்ளைகளுக்கு இதையும் சொல்லலாம்.) வெட்டுவது பெரியவர்கள் வேலை. மட்டையின் இரண்டு பக்கமும் கருக்கு இருக்கும், ரம்பம் தோற்றுப்போகும்.

விரித்து வெயிலில் காயப் போட்டால் வெளுத்து வரும். பிறகு ஈர்க்கைக் கிழித்து எடுத்துவிட்டு, ஒரே அகலத்தில் பட்டை பட்டையாகக் கிழித்துக்கொள்ளுங்கள். பெரியதுகளுக்கு ஒரு விரல் அகலம், சின்னதுகளுக்கு இரண்டு விரல். முடையும் முன் ஈரத்துணியில் சுற்றி வைக்காவிட்டால் மடிக்கிற இடத்தில் ஒடியும். ஓலை விளிம்பு விரலைச் சுள்ளென்று அறுக்கும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சின்னதுகளுக்குக் காத்தாடி. இரண்டு ஓலைத் துண்டைக் கோத்து, நடுவில் வேலமுள்ளைக் குத்தி, ஒரு குச்சியில் செருகினால் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். அடுத்தது கிலுகிலுப்பை. உள்ளே பொடிக்கல் போடுங்கள். அழகாக இருக்கிறதென்று குன்றிமணியைப் போட்டுவிடாதீர்கள், கடித்தால் விஷம்.

பத்து வயதுக்கு மேல் பெட்டி முடையலாம். அடிப்பாகம் எல்லோருக்கும் வரும், மூலை திருப்புகிற இடத்தில்தான் திணறுவார்கள். தரையில் படுத்திருக்கிற ஓலை அங்கே சுவராக எழும்ப வேண்டும். மூலையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு ஓலையையும் ஒன்றின் மேல் ஒன்றாக மாற்றிப் போட்டு, இழுத்துப் பிடித்து, துணிக் கிளிப் மாட்டிவிடுங்கள். நான்கு மூலையும் நின்றுவிட்டால் மற்றதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. உங்கள் தெருவில் பெட்டி முடைகிற பாட்டி கட்டாயம் இருப்பார். காலையில் இரண்டு மணி நேரம் வரச் சொல்லுங்கள், கூலி கொடுங்கள். கம்ப்யூட்டர் கிளாசுக்குப் பணம் கட்டுகிறோம், இதற்கு மட்டும் வெற்றிலை பாக்கோடு அனுப்பிவிடுவது எனக்குப் பிடிக்காது.

கோரைக்காரன்:

டீச்சர் சொன்னதற்கு மேல் ஓலையில் எனக்கு ஒன்றும் தெரியாது. நான் சேரன்மகாதேவிப் பக்கம். பிள்ளைகளை ஒரு நாள் கோரைப்பாய்க்குப் பேர்போன பத்தமடைக்குக் கூட்டி வாருங்கள். போகுமுன் தோட்டத்தில் கோரைக்கும் புல்லுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தண்டை விரலில் உருட்டினால் புல் உருண்டையாக ஓடும், கோரையில் மூன்று பட்டை தட்டும். கிழங்கைக் கிள்ளி மோந்து பார்க்கட்டும். பாய்க்கு வருவது தண்ணீர் ஓரத்தில் ஆள் உயரத்துக்கு வளர்கிற வேறு கோரை.

பட்டுப்பாய் என்று சொல்கிற மெல்லிசு ரகத்துக்குக் கோரையைக் கீறி, காய வைத்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காய வைத்து, இன்னும் மெல்லிசாகக் கீறுவார்கள். பாவு, அதாவது நீளவாக்கில் ஓடுகிற இழை, பருத்தி நூல். இதைப் பிள்ளைகள் செய்ய முடியாது, உட்கார்ந்து பார்க்கத்தான் முடியும். வீட்டுக்கு வந்ததும் ஒரு கெட்டி அட்டையின் இரண்டு ஓரத்திலும் பல் பல்லாக வெட்டி, நூலைச் சுற்றி, காய்ந்த கோரையை மேலும் கீழுமாக நுழைக்கச் சொல்லுங்கள். டம்ளர் வைக்கிற அளவுக்கு ஒரு குட்டிப் பாய் வரும். ஒவ்வொரு வரியையும் சீப்பால் தட்டிச் சேர்க்கணும், இல்லையென்றால் சல்லடைதான்.

மூணு பிள்ளைக்காரன்:

காகிதப் பட்டையை அப்படி ஒதுக்காதீர்கள் அக்கா. என் கடைக்குட்டிக்கு ஐந்து வயது. ஒன்று மேலே ஒன்று கீழே என்பதே அவனுக்குப் பழைய நியூஸ் பேப்பரில்தான் பிடிபட்டது. எடுத்தவுடன் ஓலையைக் கொடுத்திருந்தால் விரலை அறுத்துக்கொண்டு அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டான். முகாமில் அதோடு நிறுத்தியதுதான் கோளாறு.

சாத்தான்குளம் பேத்தி:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன், மூன்றாம் வீட்டு ஆச்சி இன்னும் முடைகிறாராம், கூலியும் பேசியாச்சு. டீச்சர், மீதி ஓலையைக் கோவைக்கு எடுத்து வந்தால் தாங்குமா? இங்கே அபார்ட்மெண்டில் தென்னை மட்டும்தான் இருக்கிறது.

ஓலைப்பெட்டி டீச்சர்:

நன்றாகக் காய்ந்த ஓலை தாங்கும். ஈர்க்கு எடுத்துவிட்டுச் சுருட்டிக் கட்டி, காற்று படுகிற இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். வேண்டும்போது ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொள்ளலாம். தென்னை ஓலையைப் பச்சையாக இருக்கும்போதே முடைய வேண்டும், காய்ந்தால் சுருங்கி இடைவெளி விழும். பாம்பு, கிளி, பந்துக்கு அது போதும். பெட்டிக்குப் பனை ஓலையை வைத்துக்கொள்ளுங்கள். ஈர்க்கைத் தூர எறியாதீர்கள், உங்கள் அம்மா விளக்குமாறு கட்டிக்கொள்வார்.