ஸ்கர்மிஷர் = சீண்டுபடை வீரர்?

> “ஸ்கர்மிஷருக்குத் தூசிப்படை என்ற பழைய சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?”

வணக்கம் ஐயா,

முக்கியப் படைக்கு முன்னால் பரவி நின்று சுடும் ஸ்கர்மிஷருக்கு (skirmisher), நம் கலைச்சொல் குழுவின் பட்டியலுக்காக நான் முன்வைத்த சொல் ‘சீண்டுபடை வீரர்’. தூசிப்படை எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் அது படையின் முன்னணியைக் குறிக்கும், அணிவகுத்தும் போகலாம். ஸ்கர்மிஷருக்கு அணியே கிடையாது. நெப்போலியன் காலத்துக் காலாட்படை தோளோடு தோள் உரசி நின்றது. அன்றைய மஸ்கெட் துப்பாக்கியை நம்பி நூறு கஜத்துக்கு மேல் குறிவைக்க முடியாது, கூட்டமாகச் சுட்டால்தான் பலன். இவர்களோ அந்த வரிசைக்கு முன்னால் இரண்டிரண்டு பேராகப் பரவி, பாறை, மரம் என்று கிடைத்ததன் பின்னால் ஒண்டிக்கொண்டு சுட்டார்கள். ஒருவர் மருந்து நிரப்பும்வரை மற்றவர் சுடாமல் காத்திருப்பார். குறி பெரும்பாலும் அதிகாரிகள்மேல்தான். 1809 ஜனவரியில், ஸ்பெயினில் பின்வாங்கிக்கொண்டிருந்த ஆங்கிலப் படையைத் துரத்திவந்த பிரெஞ்சுத் தளபதி கோல்பேரை, 95ஆம் ரைபிள் பிரிவின் டாம் பிளங்கெட் சுட்டு வீழ்த்தினார். அந்தப் பிரிவினரிடம் இருந்தது பேக்கர் ரைபிள்: குழலுக்குள் சுருள் காடி, நிரப்ப நேரம் பிடிக்கும், ஆனால் 200 கஜத்திலும் குறிபார்த்துச் சுடலாம்.

குழுவில் வந்த ‘சிதறுபடை’ தோற்று ஓடுகிறவர்களைப் போல ஒலிக்கிறது. கொரில்லாவும் ஆகாது, அவர்கள் ஸ்பெயினின் ஊர்மக்கள், இவர்கள் சம்பளச் சிப்பாய்கள்.

அதனால்தான் சீண்டுபடை. எதிரியைச் சீண்டி, அவன் ஒழுங்கைக் குலைப்பதுதானே வேலை? சொல் விளையாட்டாக இருக்கிறது என்பீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் வீரர்களுக்கு வைத்த ‘வோல்டிஜர்’ என்ற பெயருக்கும் தாவிக் குதிப்பவர் என்றுதான் பொருள்!

---

> “சீண்டுபடை”

சரி, தூசியை விட்டுவிடுகிறேன். ஆனால் சீண்டுவது பாதி வேலைதான் தம்பி. 1810இல் போர்ச்சுகலின் புசாக்கோ மலையில் ஆங்கிலத் தளபதி வெல்லிங்டன் முக்கியப் படையைப் பெரும்பாலும் முகட்டுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, முன்சரிவில் ஸ்கர்மிஷர்களை இறக்கினார். பிரெஞ்சு வோல்டிஜர்கள் மேலேறி வந்து வேவு பார்க்காமல் தடுப்பதும் இவர்கள் பொறுப்பு. அங்கே இவர்கள் திரை.

---

உண்மைதான் ஐயா. அந்தப் பணிக்கு ‘சீண்டுபடைத் திரை’ என்று தனியாகச் சேர்த்துவிடலாம். ஸ்கர்மிஷ் என்ற மோதலுக்குச் ‘சிறுசமர்’ போதும். ‘கைகலப்பு’ என்று பட்டியலில் ஏற்கெனவே இருப்பதை நீக்க வேண்டும். துப்பாக்கிச் சண்டையில் கை எங்கே கலந்தது?