போனில் கேட்டால் ஓட்டு நிலவரம் தெரியுமா?

திண்ணைக்காரன்:
நேற்று ராத்திரி ஏழரை மணிக்கு ஒரு போன். பதிவு செய்த பெண் குரல். உங்கள் பகுதியில் பெரிய பிரச்சினை குடிநீர் என்றால் ஒன்றை அழுத்துங்கள், சாலை என்றால் இரண்டை அழுத்துங்கள் என்று ஆரம்பித்தது. சரி, சர்வேதானே என்று மூன்று கேள்விக்கு அழுத்தினேன். நான்காவது கேள்வி இது: "இத்தனை திட்டங்களைக் கொண்டுவந்த உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு மறுபடியும் வாய்ப்புத் தருவீர்களா?" கட் பண்ணிவிட்டேன்.

இதற்கெல்லாம் கட்சிகள் பணத்தைக் கொட்டுகின்றன. காசைக் கரியாக்குகிற வேலை என்பேன். 2016 சட்டமன்றத் தேர்தலை நினைத்துப் பாருங்கள். ஓட்டுப் போட்டு வெளியே வந்தவர்களிடம் கேட்டுச் சொன்ன கணிப்புகளில் பெரும்பாலானவை திமுக வரும் என்றன. எண்ணிப் பார்த்தால் அதிமுக 134. நேரில் கேட்டே இந்த லட்சணம். போனில் கேட்டு என்ன தெரிந்துவிடப் போகிறது?

புள்ளி:
2016-இல் எல்லாரும் தப்பாகச் சொல்லவில்லை. சி-வோட்டர் என்ற கணிப்பு நிறுவனம் அதிமுகவுக்கு 139 என்று சொன்னது. அந்தத் தேர்தலில் இரண்டு அணிக்கும் இடையே இருந்தது ஏறக்குறைய ஒரு சதவீத ஓட்டு. ஆயிரம் பேரை ஒழுங்காகப் பொறுக்கி எடுத்துக் கேட்டாலே மூன்று சதவீதம் முன்னே பின்னே இருக்கும். தொகுதிக்கு 200 பேர் என்றால் ஏழு சதவீதம். ஒரு சதவீதத்தில் முடிகிற தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று சொல்வது பூவா தலையா போடுகிற கதைதான்.

யார் ஜெயிப்பார் என்பது டிவிக்காரர்களுக்குத் தேவை. கட்சிக்குத் தேவை வேறு. எந்த வயதுப் பெண்கள் இன்னும் முடிவு செய்யவில்லை, வேட்பாளர் பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரிகிறது, விலைவாசியைப் பேசலாமா வேலையின்மையைப் பேசலாமா. இதற்கு ஏழு சதவீதப் பிழையோடு வருகிற எண் கூடப் போதும்.

பழைய பூத் ஏஜென்ட்:
தம்பி, என் பாகத்தில், அதாவது என் பூத்துக்கான பட்டியலில், சுமார் ஆயிரம் ஓட்டு. யார் வீட்டில் மருமகன் வெளிநாட்டில் இருக்கிறான், யார் பெயர் செத்தும் பட்டியலில் இருக்கிறது, எந்தத் தெரு போன தடவை கோபத்தில் மாற்றிப் போட்டது, எல்லாம் மனப்பாடம். முப்பது வருஷமாக நான் பூத் சிலிப் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். எங்கோ ஏசி அறையில் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற பிள்ளைக்கு இது தெரியுமா? 2004-இல் வாஜ்பாய் குரலே போனில் வந்தது. ஆட்சி போனதுதான் மிச்சம்.

ஹெட்செட்:
அந்த ஏசி அறையில் இரண்டு தேர்தலுக்கு உட்கார்ந்த பிள்ளை நான்தான் அண்ணே. (ஏசி பாதி நாள் ஓடாது.) எந்த நிறுவனம், எந்தக் கட்சி என்பதை விட்டுவிடுங்கள்.

எங்களிடம் இரண்டு அணி இருந்தது. ஒன்று சர்வே அணி. அவர்கள் கட்சிப் பெயரே சொல்லக் கூடாது, ஸ்கிரிப்டில் ஒரு வார்த்தை மாற்றக் கூடாது. இன்னொன்று ஓட்டுக் கேட்கிற அணி. தலைவர் வருகிறார், பெயர் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள், எத்தனை மணிக்கு ஓட்டுப் போடப் போவீர்கள் என்று பேசுகிறவர்கள். நான் முதலில் சர்வேயில் இருந்தேன். அப்போது தெரிந்துகொண்டது: காலை பதினொன்றுக்குக் கூப்பிட்டால் ஓய்வூதியக்காரர்கள்தான் கிடைப்பார்கள். சாயங்காலம் பெண்கள் எடுத்தால் பாதிப் பேர் "இருங்க, அவர்கிட்ட தரேன்" என்று கணவரிடம் கொடுத்துவிடுவார்கள். கூப்பிடுவது அரசாங்கம் என்று நினைத்துக்கொண்டு, எந்த ஆட்சி நடக்கிறதோ அதற்கே ஓட்டு என்று சொல்கிறவர்கள் நிறைய. "நம்பர் உங்ககிட்ட இருக்கே, அட்ரஸும் இருக்குமே" என்று ஒரு பாட்டி என்னிடமே கேட்டார்.

திண்ணைக்காரன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள்.

ஹெட்செட்:
பிழை இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறேன். வீண் என்று சொல்லவில்லை. எங்கே பிழை என்று தெரிந்தால் சரிக்கட்டலாம்.

புள்ளி:
ஓரளவுக்குத்தான் சரிக்கட்டலாம். 1936-இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடி அஞ்சலட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. ரூஸ்வெல்ட் தோற்பார் என்று எழுதினார்கள். அவர் 48 மாநிலங்களில் 46-ஐ ஜெயித்தார். முகவரி எடுத்தது டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் கார் பதிவுப் பட்டியலிலிருந்தும். அந்தப் பஞ்ச காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர் யார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பதில் எழுதிப் போட்டவர்களும் தனி ரகம்.

இப்போது போன் எல்லாரிடமும் இருக்கிறது. எடுப்பவர்தான் இல்லை. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 1997-இல் போன் சர்வே செய்தபோது 100-க்கு 36 பேர் பதில் சொன்னார்கள். 2018-இல் ஆறு பேர். அந்த ஆறு பேர் மற்ற 94 பேரைப் போலவே யோசிக்கிறார்களா என்பதுதான் தலைவலி. வயது, ஊர், படிப்பு பார்த்து வெயிட்டேஜ் போடலாம், அதாவது குறைவாகக் கிடைத்த ரகத்தின் பதிலைக் கூட்டிக் கணக்கிடலாம். பயத்துக்கு வெயிட்டேஜ் போட முடியாது. லோக்நீதி என்ற தேர்தல் ஆய்வு அமைப்பின் ஆட்கள் வீட்டுக்கே போய், மாதிரி ஓட்டுச்சீட்டைக் கொடுத்து, மடித்துப் பெட்டியில் போடச் சொல்வார்கள். போனில் அந்த மறைவு கிடையாது.

பழைய பூத் ஏஜென்ட்:
அப்போ நேரில் போகிறவன்தான் ஜெயித்தான்.

புள்ளி:
ஓட்டுக்கு ஆள் கூட்டிவருவதில் உங்கள் பக்கம் ஆதாரமே இருக்கிறது அண்ணே. 1998-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தில் ஆலன் ஜெர்பர், டொனால்ட் கிரீன் என்ற இரண்டு பேராசிரியர்கள் வாக்காளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலர் வீட்டுக்கு ஆள் போனது, சிலருக்குக் கடிதம், சிலருக்குக் கால் சென்டரிலிருந்து போன். வீட்டுக்கு ஆள் போன இடத்தில் ஓட்டுப் போட வந்தவர்கள் நன்றாகவே கூடினார்கள். போனுக்குப் பலனே தெரியவில்லை.

ஹெட்செட்:
பாதிக் கதையைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறீர்களே. அது கூலிக்கு ஆள் வைத்துக் கடகடவென்று வாசித்த போன். பிறகு வந்த ஆய்வுகளில், தன்னார்வலர்கள் அவசரப்படாமல் பேசிய இடத்தில் இரண்டு மூன்று சதவீதம் கூடியது. இரண்டு சதவீதமா என்று சிரிக்காதீர்கள். 2016-இல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டு. 2021-இல் தியாகராய நகரில் 137.

திண்ணைக்காரன்:
அந்த 49 ஓட்டும் போனால் வந்தது என்று யார் நிரூபிப்பது? சரி, அதை விடுங்கள். என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. எனக்கு வந்த அழைப்பு சர்வேயா, பிரசாரமா?

ஹெட்செட்:
பிரசாரம். முதல் மூன்று கேள்வி தூண்டில் புழு. குடிநீர் என்று அழுத்தினீர்களா? அடுத்த வாரம் குடிநீர்த் திட்டம் பற்றி ஒரு அழைப்பு வரும், பாருங்கள்.

இதில் கில்லாடி வேலை பஞ்சாபில் நடந்தது. 2022 ஜனவரியில் ஆம் ஆத்மி, முதல்வர் வேட்பாளர் யார் என்று நீங்களே சொல்லுங்கள் என ஒரு போன் நம்பரை அறிவித்தது. 21 லட்சத்துக்கும் மேல் பதில்கள், அதில் 93 சதவீதம் பகவந்த் மான் என்றார்கள். கட்சி 117-க்கு 92 இடம் ஜெயித்தது.

புள்ளி:
அதைக் கருத்துக்கணிப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள். தானாகக் கூப்பிட்டவர்களை எண்ணினால் அது கணிப்பு ஆகாது. லிட்டரரி டைஜஸ்ட் வேலையேதான்.

ஹெட்செட்:
கணிப்பு என்று நான் எங்கே சொன்னேன்? கூப்பிட்டவர் ஒவ்வொருவரும் தன் நம்பரைத் தானே கொடுத்துவிட்டுப் போகிறார். வாக்காளர் பட்டியலில் பெயர், வயது, கதவு எண் எல்லாம் இருக்கும், போன் நம்பர் இருக்காது. எங்கள் தொழிலில் பெரிய தவிப்பே அதுதான். மிஸ்டு கால் கொடுங்கள் என்று கட்சிகள் கேட்பதும் இதற்காகத்தான்.

திண்ணைக்காரன்:
இதற்கு என்ன கட்டுப்பாடு? தேர்தல் ஆணையம் பார்த்துக்கொண்டிருக்கிறதா?

புள்ளி:
மொத்தமாக அனுப்பும் குரல் அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும். ஓட்டுப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் டிவியில் கருத்துக்கணிப்பு காட்டக் கூடாது. ஆனால் கட்சி தனக்குள்ளே கேட்டு வைத்துக்கொள்கிற சர்வேயை இந்த விதிகள் தொடவில்லை. என் கோபம் அங்கேதான். சர்வே வேஷத்தில் ஓட்டுக் கேட்டால், நாளைக்கு உண்மையான சர்வேக்காரன் கூப்பிடும்போது திண்ணைக்காரன் கட் பண்ணுவார். ஆறு பேர் மூன்று பேர் ஆவார்கள். ஹெட்செட் ஆட்கள் உட்கார்ந்திருக்கிற கிளையையே வெட்டுகிறார்கள்.

ஹெட்செட்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. சர்வே அணியிலிருந்த எங்களுக்கும் அதே எரிச்சல்தான்.

பழைய பூத் ஏஜென்ட்:
சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன். போன தேர்தலில் எங்கள் கட்சி சர்வே என்று எனக்கே போன் வந்தது. முப்பது வருஷக் கட்சிக்காரன் நான். எதிர்க்கட்சிக்குத்தான் ஓட்டு என்று அழுத்தினேன். எங்கள் வட்டத்திலிருந்து இன்னும் ஆறு பேரை அழுத்தச் சொன்னேன்.

புள்ளி:
அண்ணே! எதற்கு?

பழைய பூத் ஏஜென்ட்:
எங்கள் பக்கம் நிலைமை நல்லாயிருக்கிறது என்று தெரிந்தால் மேலே இருக்கிறவன் எட்டிப் பார்க்க மாட்டான். மோசம் என்று ரிப்போர்ட் போனது. ஒரே வாரத்தில் கூடுதலாக ஒரு வேன், மைக் செட், தலைவர் கூட்டம் எல்லாம் வந்தது.