புதுப்பிப்பு: சூளையிலிருந்து எடுத்தபின் விரிசல் விட்ட கண்ணாடிப் பலகைகள்

தனிக் கண்காட்சிக்காக உருக்கி ஒட்டிய 12 மி.மீ. பலகைகள் இரண்டு நாள் கழித்து விரிசல் விடுவதாகப் புலம்பியிருந்தேன். யோசனை சொன்னவர்களுக்கு நன்றி.

பலித்தது "ஆறவிடும் நேரம் போதாது" என்ற யோசனைதான். முன்பு அரை மணியோடு விட்டுவிடுவேன். இம்முறை 482 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் நிறுத்தி, 427 வரை மணிக்கு 55 டிகிரி வீதம் இறக்கினேன், அப்புறமும் அவசரப்படவில்லை. ஏழில் ஆறு தேறின.

ஏழாவது மறுபடி விரிசல் விட்டது. குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு தாள்களுக்கு (ஒளியின் ஒரு திசை அதிர்வை மட்டும் விடுபவை) நடுவே பிடித்துப் பார்த்தால், நீலத் துண்டைச் சுற்றி மட்டும் வெளிச்சம்; அதாவது அங்கே கண்ணாடிக்குள் இறுக்கம் இருக்கிறது. அது பழைய ஜன்னல் கண்ணாடி! மற்றத் துண்டுகளின் விரிவெண் (சூட்டில் எவ்வளவு விரியும் என்பதன் அளவு) 90, ஜன்னல் கண்ணாடிக்கு 85 பக்கம். எவ்வளவு மெதுவாக ஆறவிட்டாலும் சேராது.

அழைப்பிதழில் ஏழு என்றே அச்சாகிவிட்டது.