பால் குடிக்கையில் வேர்க்கும் குழந்தை

குழந்தைகள் வார்டு செவிலியர், காரைக்குடி:
இதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தையை, ஸ்டெதாஸ்கோப் வைக்கும் முன்பே அம்மா மடியில் பார்த்துச் சந்தேகப்படலாம். புதுவயலில் இருந்து வந்த ஒரு கைக்குழந்தையை நான் மறக்கவே இல்லை. நாலு வாய் உறிஞ்சும், விட்டுவிட்டு மூச்சு வாங்கும், மறுபடி கவ்வும். ஃபேன் ஓடியும் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. வயிறு நிறையும் முன்பே அசந்து தூங்கிவிடும். எடையும் ஏறவில்லை. வீட்டில் அப்பத்தா மந்தம் என்று நினைத்து உரைமருந்து கொடுத்திருக்கிறார். எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தால், இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை. அந்த வயதில் குழந்தை செய்கிற கடினமான வேலையே பால் குடிப்பதுதான், அதனால் நோய் முதலில் அங்கே தெரிகிறது.

தலையைச் சற்று உயர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வைத்தோம். அரை மணிக்கு மேல் இழுக்க விடவில்லை. மீதியைப் பீச்சி மூக்குக்குழாய் வழியே கொடுத்தோம். குழாயைப் பார்த்து அந்த அம்மா அழுதுவிட்டார். உறிஞ்சுவதில் செலவாகும் தெம்பு இனி உடம்பில் ஒட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். வீட்டுக்குப் போகும்போது மூச்சு எண்ணவும் பழக்கினேன்: குழந்தை தூங்கும்போது வயிற்றைப் பார்த்து முழுசாக ஒரு நிமிஷம். இரண்டு மாதத்துக்குள் 60, அப்புறம் ஒரு வயது வரை 50. அந்த அளவைத் தொட்டாலே தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

ஒரு அம்மா, தேவகோட்டை:
என் பையனுக்கு டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ: பிறவியிலேயே இதயத்தில் நாலு கோளாறு சேர்ந்து, நுரையீரலுக்கு ரத்தம் குறைவாகப் போகிற நோய். காலையில் வீறிட்டு அழுதால் உதடும் நகமும் நீலமாகிவிடும். முழங்காலை மடக்கி நெஞ்சோடு சேர்த்து அணைக்க ஒரு சிஸ்டர்தான் சொல்லிக் கொடுத்தார். அப்படிச் செய்தால் நுரையீரலுக்குக் கூடுதல் ரத்தம் போகும். அணைத்தபடியே 108-ஐக் கூப்பிடுவோம். ஆபரேஷன் முடிந்து வந்ததும் வளவு நிறையச் சொந்தம். ஆளாளுக்கு அக்குளில் கைகொடுத்துத் தூக்க வந்தார்கள். ஆபரேஷனில் பிளந்த நெஞ்செலும்பு ஒன்றுசேர ஆறு வாரமாவது ஆகுமே! என் மாமியார் முகப்பிலேயே நின்று, ஒரு கை பிட்டத்துக்கு, ஒரு கை முதுகுக்கு என்று வந்தவர்களுக்கெல்லாம் செய்து காட்டினார்.

குழந்தைகள் வார்டு செவிலியர், காரைக்குடி:
அக்கா, உங்கள் மாமியார் மாதிரி வீட்டுக்கு ஒருவர் வேண்டும். ஆபரேஷன் ஆகாத நீலக் குழந்தைகள் வீட்டில் இருந்தால் ஒன்று: வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்தால் காத்திருக்காதீர்கள். ஏற்கெனவே கெட்டியான ரத்தம், நீர் வற்றினால் உறைந்து மூளையை அடைக்கலாம். பல்லையும் கவனியுங்கள். சொத்தைப் பல்லின் கிருமி ரத்தத்தில் கலந்து இதயத்தில் போய்த் தங்கும். பல் பிடுங்கப் போனால் இதயக் கோளாறை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.