மறுமொழி: ‘இயங்குதடை’ சரியா, ‘வெந்தடை’ சரியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் மின்திறன். இவற்றுக்குத்தான் சொல் இருக்கிறதே, கருவி இயங்கும்போது உள்ள தடைக்கு ‘இயங்குதடை’ என்று நம் கலைச்சொல் பட்டியலில் புதிதாக ஒரு சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். வகுத்து வருகிற தடையும், கருவியைக் கழற்றி வைத்துத் தடையை அளக்கும் மல்டிமீட்டர் காட்டுகிற தடையும் ஒத்துப்போகாத இடங்கள் உண்டு. மாணவர்கள் தடுமாறுவது அங்கேதான்.

பழைய 60 வாட் குண்டு பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் அது இழுப்பது ஏறக்குறைய 0.26 ஆம்பியர். வகுத்தால் 880 ஓமுக்குச் சற்று மேல். அதே பல்பை ஹோல்டரிலிருந்து கழற்றி, நன்றாக ஆறியபின் மீட்டரை வைத்தால் 60, 70 ஓம்தான் காட்டும். அதை நம்பி, 230-இன் வர்க்கத்தை 65-ஆல் வகுத்துத் திறன் கண்டால் 800 வாட்டைத் தாண்டிவிடும். மீட்டரும் சரி, சூத்திரமும் சரி. எரியும்போது டங்ஸ்டன் இழை ஏறக்குறைய 2,500 டிகிரி செல்சியஸ் வரை சூடாவதால் தடை பன்மடங்கு ஏறிவிடுகிறது. சுவிட்சைப் போட்ட கணத்தில் மட்டும் குளிர்ந்த இழை வழியே மூன்று ஆம்பியருக்கு மேல் பாய்கிறது. நைந்துபோன பல்புகள் பெரும்பாலும் போடும்போதே ‘பட்’டென்று போவது இதனால்தான்.

இஸ்திரிப் பெட்டியில் இந்தத் தொல்லை இல்லை. 1,000 வாட் பெட்டிக்குக் கணக்குப்படி 53 ஓம். அதைச் சூடாக்கும் நிக்ரோம் கம்பியின் தடை சூட்டில் அவ்வளவாக மாறாது, மீட்டரும் கிட்டத்தட்ட அதையே காட்டும்.

இயங்கும்போது உள்ள தடைக்கு ‘வெந்தடை’ என்று ஒருவர் பரிந்துரைத்திருந்தார். வெந்நீர், வெந்தழல் வரிசையில் இலக்கணம் பொருந்துகிறது. ஆனால் காதில் ‘வெந்த தடை’ என்றுதான் விழுகிறது. அதைவிட, சூடுதான் காரணம் என்று சொல்லே முடிவுகட்டிவிடுகிறது. மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடில் அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட, வகுத்து வரும் தடை இறங்குகிறது. அதற்குச் சூடு காரணமல்ல. ‘இயங்குதடை’ எப்போது உள்ள தடை என்பதை மட்டும் சொல்கிறது, ஏன் மாறியது என்பதில் தலையிடவில்லை. வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது. ‘இயங்குத்தடை’ என்று யாரும் திருத்திவிட வேண்டாம். ஆறிய நிலையில் மீட்டர் காட்டுவதற்குக் ‘குளிர்தடை’ போதும்.

முன்னால் ‘மின்’ சேர்க்க வேண்டுமா? எனக்கு உடன்பாடில்லை. நாளிதழ் படிப்பவருக்கு மின்தடை என்றாலே கரண்ட் கட்தான். இலங்கைப் பாடநூல்கள் தடை, தடையி (தடை தரும் உறுப்பு, resistor) என்றே எழுதுகின்றன, யாருக்கும் குழப்பமில்லை. Power என்பதற்குத் தமிழ்நாட்டு வழக்கான திறனா, இலங்கை வழக்கான வலுவா என்ற கேள்விக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்துவிடலாம்.

அப்புறம், மின்விசிறியை எடுத்துக்காட்டாகப் போடாதீர்கள். மாறுமின்னோட்டத்தில் அங்கே வகுத்து வருவது வெறும் தடையல்ல, சுருளின் தூண்டலும் சேர்ந்தது. பெருக்கி வருவதையும் திறன் காரணியால் (power factor) பெருக்கினால்தான் உண்மையான வாட் கிடைக்கும். இந்தச் சொல்லை அங்கே கொண்டுபோகக் கூடாது.

பட்டியலுக்கு நான் தரும் விளக்கம்: “இயங்குதடை – ஒரு கருவி இயங்கும்போது அதன் முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தத்தை, அதே வேளையில் அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தால் வகுத்துப் பெறும் தடை, அலகு ஓம்.” சுருக்கும்போது ‘அதே வேளையில்’ என்பதை வெட்டிவிடாதீர்கள். ஓட்டத்தை இப்போதும் அழுத்தத்தை வேறொரு நேரத்திலும் அளந்து வகுப்பவர்கள் இருக்கிறார்கள்.