ராக்கம்மா குடும்பம்: யாழினி காதுகுத்து

முருகன்: அனைவருக்கும் வணக்கம். வேன் பேசியாகிவிட்டது. சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு மதுரையிலிருந்து கிளம்பும். இரவு கோயில் மண்டபத்தில் தங்கல். ஞாயிறு காலை 7.30க்கு மேல் 9க்குள் காதுகுத்து. எத்தனை பேர் என்று சொன்னால் சீட் கணக்குப் போட்டுவிடுவேன்.

ஜோதி: அத்தையோடு சேர்த்து நாங்கள் நாலு

செல்வி: இரண்டு. கவின் வருவது சந்தேகம்

தேவி: ஏன்க்கா, காய்ச்சலா?

செல்வி: அதெல்லாம் இல்லை. நேற்று ராத்திரி நிலாவோடு போனில் போக்கிமான் சண்டை போட்டிருக்கிறான். தோற்றதிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறான். சனிக்கிழமை ராத்திரி மண்டபத்தில் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து போட்டி வைக்கிறார்களாம். எல்லோர் முன்னாலும் தோற்க நான் வரவில்லை என்கிறான்.

பாண்டி: ஒரு விளையாட்டுக்காகவா

நிலா: அத்தை, நான் நேர்மையாகத்தான் ஆடினேன்

கவின்: ட்ரிக் ரூம் சீட்டிங்

நிலா: இல்லை டா

செந்தில்: கவின், உன் டீமில் யார் யார்? ஆறு பெயரையும் போடு.

கவின்: சாரிசார்ட் கார்சாம்ப் ட்ராகோனைட் சாலமென்ஸ் கியாரடோஸ் ஹைட்ரீகன்

ஜோதி: தேவி, பெரிய அண்டா உன் வீட்டில்தானே இருக்கிறது? கவின் காதுகுத்துக்கு எடுத்துப் போனது

தேவி: என்னிடம் இல்லை மதினி. செல்வி அக்காவிடம் கேளுங்கள்

செந்தில்: எல்லோரும் பெரிய ஆட்கள்தான் கவின், தனித்தனியாக ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் ஆறு பேரும் ஒரே வேலைக்கு வந்து நிற்கிறார்கள். அடிப்பதற்கு. டைப்பைப் பார், அதாவது நெருப்பு, தண்ணீர், ஐஸ் மாதிரி ஒவ்வொரு ஆளும் எந்த வகை என்று. கார்சாம்ப், ட்ராகோனைட், சாலமென்ஸ், இந்த மூன்று பேருக்கும் ஐஸ் அடி நான்கு மடங்கு விழும். ஹைட்ரீகனுக்கு இரண்டு மடங்கு. மீதி இருப்பது சாரிசார்டும் கியாரடோஸும். சாரிசார்டுக்கு ராக் அடி நான்கு மடங்கு, கியாரடோஸுக்கு இரண்டு. அதாவது எதிராளியிடம் ஐஸ் ஒன்று, ராக் ஒன்று இருந்தால் போதும், உன் ஆறு பேருக்கும் வழி தெரிந்துவிடும். நிலா, உன்னிடம் என்ன இருந்தது?

நிலா: பொரிகான்2வில் ஐஸ் பீம். ரைபீரியரில் ராக் ஸ்லைடு

செந்தில்: அதேதான்.

கவின்: ஆனால் என் கார்சாம்ப்தான் வேகம். அந்தக் காண்டாமிருகம் எப்படி முதலில் அடிக்கும்

பாண்டி: காண்டாமிருகமா

நிலா: ரைபீரியர் காண்டாமிருகம்தான் அப்பா

செந்தில்: கார்சாம்பின் அடிப்படை வேகம் 102. ரைபீரியருக்கு 40தான். சாதாரணமாக நீதான் முந்துவாய். ட்ரிக் ரூம் போட்டுவிட்டால் வரிசை தலைகீழாகிவிடும், மெதுவானவர் முதலில் அடிப்பார். போட்ட டர்னையும் சேர்த்து 5 டர்ன் இருக்கும். இது சீட்டிங் இல்லை கண்ணா, மெதுவான பெரிய ஆட்களை வைத்திருப்பவர்களின் வழி. இருவர் இருவராக ஆடும் ஆட்டத்தில் முதல் கேள்வியே இந்த டர்னில் யார் முந்துவார்கள் என்பதுதான். யார் பலசாலி என்பது அப்புறம்.

முருகன்: செல்வி அக்கா, இரண்டா மூன்றா? வேன்காரர் கேட்கிறார்

செல்வி: கொஞ்சம் பொறுங்கள் மாப்பிள்ளை

பாண்டி: ஆறு பேரும் அடிக்கப் போனால் பிடிப்பது யார்? கபடியில் ஏழு பேரையும் ரெய்டராக இறக்கினால் என்ன ஆகும்

செந்தில்: அண்ணன் ஒரே வரியில் சொல்லிவிட்டார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஜோதி: அவர் கபடி ஆடி முட்டியை உடைத்துக்கொண்டதையும் பிள்ளைக்குச் சொல்லச் சொல்லுங்கள்

செந்தில்: கவின், உன்னிடம் எத்தனை பேருக்கு ப்ரொடெக்ட், அந்த டர்னில் அடி படாமல் காக்கும் மூவ், இருக்கிறது?

கவின்: யாருக்கும் இல்லை. 4 மூவும் அட்டாக்

செந்தில்: புதிதாக ஆடும் எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள், ஒரு மூவ் வீணாகிறதே என்று தோன்றும். ஒற்றைக்கு ஒற்றை ஆட்டத்தில் அது ஓரளவு சரி. இரட்டையர் ஆட்டத்தில் ப்ரொடெக்ட்தான் உயிர். நிலாவின் இரண்டு பேரும் உன் கார்சாம்பைக் குறிவைக்கிறார்கள் என்று வை. நீ அதில் ப்ரொடெக்ட் போட்டால் அவளுடைய இரண்டு அடியும் வீண். அதே டர்னில் உன் இன்னொரு ஆள் சும்மா நிற்கவில்லை, அடித்துவிட்டான். அடுத்தடுத்து இரண்டு டர்ன் போடாதே, இரண்டாவது முறை மூன்றில் ஒரு தடவைதான் பலிக்கும். ட்ரிக் ரூம் விழுந்துவிட்டாலும் இதுதான் மருந்து. ஒருவர் ப்ரொடெக்ட், இன்னொருவரை உள்ளே இழுத்து வேறு ஆளை இறக்கு, அடுத்த டர்னில் மாற்றிச் செய். அந்த 5 டர்னை அவளுக்குப் பயன்படாமல் கரைத்துவிடு.

கவின்: ம்

தேவி: தம்பி, முக்கியமான விஷயம் ஒன்று. பாப்பா யார் மடியில் உட்காருவாள்? ஆசாரி கேட்கிறார்

பாண்டி: மூத்த மாமன் இருக்கும்போது இது என்ன கேள்வி

செந்தில்: கவினுக்கும் அண்ணன் மடிதானே. இந்த முறையாவது என்னைக் கேட்பீர்கள் என்று நினைத்தேன்.

செல்வி: இங்கே வேண்டாம். நேரில் பேசிக்கொள்ளலாம்

ஜோதி: அண்டா??

செல்வி: மதினி, அது அன்றைக்கே உங்கள் வீட்டு டெம்போவில் ஏறியது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது

கவின்: மாமா, முதல் டர்னில் என் கார்சாம்ப் அசையவே இல்லை. அது ஏன்

செந்தில்: நிலாவிடம் அந்தப் புலி, இன்சினரோர், இருக்கிறதா?

நிலா: இருக்கிறது. ஃபேக் அவுட் போட்டேன்

செந்தில்: ஃபேக் அவுட் எல்லோருக்கும் முந்திப் போகும் மூவ். வாங்கியவர் அந்த டர்னில் ஒன்றும் செய்ய முடியாது. களத்தில் இறங்கிய முதல் டர்னில் மட்டும்தான் பலிக்கும், கோஸ்ட் டைப் மேல் விழாது. இன்சினரோர் இறங்கும்போதெல்லாம் இன்டிமிடேட்டும் வரும், உன் இரண்டு பேரின் அட்டாக்கும் ஒரு படி இறங்கிவிடும். அதனால்தான் பல ஆண்டுகளாகப் பெரிய போட்டிகள் பலவற்றில் அந்தப் புலி நிற்கிறது. அது பெரிதாக அடிப்பதற்கு வருவதில்லை, பக்கத்தில் இருப்பவனை ஆட வைக்க வருகிறது. உன் டீமில் இல்லாதது அதுதான். நீயும் அதையே எடு. அதோடு காளானையும் எடு, அமூங்கஸ். ஸ்போர் போட்டுத் தூங்க வைக்கும், ரேஜ் பவுடர் போட்டால் எதிராளியின் அடியைத் தன் பக்கம் இழுக்கும். அதன் வேகம் 30தான், ட்ரிக் ரூம் விழுந்தால் அதற்குக் கொண்டாட்டம். கிராஸ் டைப் என்பதால் நிலாவிடம் இருக்கும் காளான் தூவும் பொடியும் அதன் மேல் வேலை செய்யாது.

நிலா: சித்தப்பா, நானும் இந்தக் குழுவில் இருக்கிறேன்

செந்தில்: தெரியும் மா. பெரிய போட்டிகளில் இப்போது இரண்டு பேரும் டீம் ஷீட்டை மாற்றிக்கொண்டுதான் ஆடுகிறார்கள். எந்த மூவ், எந்தப் பொருள் என்று எல்லாம் தெரியும். தெரிந்த பிறகும் எதிராளி இந்த டர்னில் எதை அழுத்துவார் என்று யோசிப்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. நீ வாசிப்பதால் கவினுக்கு ஒன்றும் நஷ்டம் இல்லை.

கவின்: அப்போது யாரை வெளியே எடுக்க. சாலமென்ஸை எடுக்க மாட்டேன்

செந்தில்: எடுக்க வேண்டாம். சாலமென்ஸுக்கும் இன்டிமிடேட் உண்டு, டெயில்விண்டும் கற்றுக்கொடுக்கலாம். டெயில்விண்ட் போட்டால் உன் பக்கத்து ஆட்களின் வேகம் இரட்டிப்பு, போட்ட டர்னோடு 4 டர்ன். ட்ராகோனைட்டையும் ஹைட்ரீகனையும் வெளியே வை.

நிலா: ட்ரிக் ரூமுக்குள் டெயில்விண்ட் போட்டால் இன்னும் கடைசிக்குப் போவாய், பார்த்துக்கொள்

செந்தில்: சரியாகச் சொன்னாள். அதனால் ட்ரிக் ரூமே விழாமல் பார்க்க வேண்டும். அது எல்லா மூவுக்கும் கடைசியாக நடக்கும், அதற்குள் தடுக்க நேரம் இருக்கிறது. கியாரடோஸுக்கு டான்ட் கொடு. டான்ட் வாங்கியவர் அடிக்க மட்டும்தான் முடியும், ட்ரிக் ரூம் போட முடியாது. கியாரடோஸின் வேகம் 81, பொரிகான்2வின் வேகம் 60.

நிலா: அப்படியானால் கியாரடோஸுக்கே ஃபேக் அவுட்

செந்தில்: போடு. கியாரடோஸ் நின்றுவிடும். பக்கத்தில் கார்சாம்ப் சுதந்திரமாக இருக்கும், எர்த்க்வேக் விடும். எர்த்க்வேக் சொந்த ஆளையும் சேர்த்து அடிக்கும் கவின், கவனம். கியாரடோஸ் ஃப்ளையிங் என்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. நிலாவின் புலிக்கு இரண்டு மடங்கு விழும். ஒரே மூவில் பலர் மேல் விழுவதால் அடி முக்கால் பங்குதான், இருந்தாலும் போதும்.

நிலா: உன் ஆட்கள் இரண்டு பேரும் அப்படியே நிற்பார்கள் என்று நானும் நினைக்க மாட்டேனே

செந்தில்: இதுதான் ஆட்டம்! கவின், புரிகிறதா? அவள் உன்னைப் பற்றி யோசிக்கிறாள். நீயும் அவளைப் பற்றி யோசி.

முருகன்: கிடா இரண்டு போதுமா மூன்று வேண்டுமா, அதையும் இன்றைக்கே சொல்லிவிட்டால் நல்லது

பாண்டி: மூன்று

தேவி: இரண்டு போதும் அண்ணே, போன முறை எவ்வளவு மிஞ்சியது

ஜோதி: அத்தை ஆடியோ அனுப்பச் சொன்னார்கள்

ஜோதி: (ஆடியோ, 0:48)

செல்வி: கேட்டீர்களா? பேரன் வராவிட்டால் நானும் வேனில் ஏற மாட்டேன் என்கிறது அம்மா

கவின்: அம்மாச்சி அது வேறு

செந்தில்: கவின், ஒரு கதை சொல்கிறேன், உண்மைக் கதை. 2014இல் வாஷிங்டனில் உலகச் சாம்பியன் போட்டி. கொரியாவின் செ ஜுன் பார்க் தன் டீமில் பச்சிரிசுவை வைத்திருந்தார். வெள்ளையும் நீலமுமாகச் சின்ன அணில். பெரிய போட்டிக்கு யாரும் நினைத்துப் பார்க்காத ஆள். அதற்கு அவர் கொடுத்த வேலை ஃபாலோ மீ, பக்கத்து ஆளுக்கு வர வேண்டிய அடியைத் தான் வாங்கிக்கொள்வது. கூடவே கியாரடோஸ் இருந்தது. கியாரடோஸுக்கு எலக்ட்ரிக் நான்கு மடங்கு விழும் அல்லவா? அந்த அடியை அணில் தன் பக்கம் இழுத்தால் வோல்ட் அப்சார்ப் என்ற குணத்தால் அதற்கு உயிர்தான் கூடும். அந்த டீமோடு அவர் சாம்பியன் ஆனார். உனக்குப் பிடித்த ஆளை வைத்துக்கொள்ளலாம், அவனுக்கு ஒரு வேலை இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

கவின்: பச்சிரிசுவா!! நிஜமாகவா

நிலா: நிஜம் டா. வீடியோ இருக்கிறது, அனுப்புகிறேன்

பாண்டி: அந்த அணில் காண்டாமிருகத்தை அடிக்குமா

நிலா: ரைபீரியர் கிரவுண்ட் அப்பா, எலக்ட்ரிக் விழாது. தண்ணீர்தான் அதற்கு நான்கு மடங்கு

பாண்டி: அப்போது கவினிடம் தண்ணீர் ஆள் இருக்கிறானே. கியாரடோஸ். அவனை வைத்து அடி

நிலா: அப்பா நீங்கள் யார் பக்கம்

கவின்: மாமா சூப்பர்

செந்தில்: அண்ணன் சொன்னதில் இன்னொன்று சேர். இரண்டு பேரும் ஆளுக்கு ஒருவரை அடிக்காதே. இருவரும் சேர்ந்து ஒருவரை முடி. இரண்டு பேருக்குப் பாதி உயிர் போனாலும் அடுத்த டர்னில் இரண்டு பேரும் திருப்பி அடிப்பார்கள். ஒருவர் விழுந்தால் திருப்பி அடிக்க ஒருவர்தான். அப்புறம், ஆட்டம் தொடங்கும் முன் எதிராளியின் ஆறு பேரையும் காட்டும். உடனே அழுத்தாதே. ட்ரிக் ரூம் போடுவது யார், ஃபேக் அவுட் யாரிடம், உன் ஆறில் எந்த நான்கு பேர் இவர்களைத் தாங்குவார்கள், இதை யோசித்துவிட்டுத் தேர்ந்தெடு. ஒரே பொருளை இரண்டு பேருக்குக் கொடுக்க முடியாது, அதையும் பார். சாரிசார்டுக்கு ஃபோகஸ் சாஷ் கொடு. உயிர் முழுதாக இருக்கும்போது ஒரே அடியில் விழாமல் 1 புள்ளியில் நிற்கும்.

செல்வி: தம்பி, இதில் கொஞ்சம் கணக்குப் பாடத்தையும் சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்கும்

செந்தில்: இதுவே கணக்குதான் அக்கா. ஒவ்வொரு ஆளுக்கும் அட்டாக், வேகம் மாதிரித் திறன்களைக் கூட்ட 510 ஈவி புள்ளி, ஒன்றில் 252க்கு மேல் போட முடியாது. பிரித்துப் போடுவது அவன் வேலை. கவின், இப்போதைக்கு அடிப்பவனுக்கு அட்டாக்கில் 252, வேகத்தில் 252 போடு. தாங்குபவனுக்கு எச்பியில், அதாவது உயிரில், 252. நுணுக்கமெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

நிலா: கவின், சனிக்கிழமை வரை நெட்டில் போக்கிமான் சண்டை ஆடும் ஷோடவுன் தளத்தில் தரவரிசை ஏணியில் ஏறு. புள்ளி 1000இல் தொடங்கும், அதற்குக் கீழே இறங்காது, பயப்படாதே. தோற்ற ஆட்டத்தின் ரீப்ளேயை எனக்கு அனுப்பு, எந்த டர்னில் போனது என்று பார்த்துச் சொல்கிறேன்

கவின்: நிஜமாகச் சொல்வீர்களா அக்கா

நிலா: ம்

முருகன்: ஒரு சின்னத் தகவல். கோயில் பக்கம் சிக்னல் சரியாகக் கிடைக்காது. மண்டபத்தில் சார்ஜ் போட ஒரே ஒரு பாயின்ட்தான்.

நிலா: ஐயோ

செந்தில்: ஷோடவுனுக்கு நெட் இல்லாமல் முடியாதே. பிள்ளைகளை வெள்ளிக்கிழமையே செல்வி அக்கா வீட்டில் கூட்டிவிடலாமா?

செல்வி: என் வீட்டிலா? எத்தனை பேர்?

பாண்டி: நம் தோட்டத்து மோட்டார் ரூமில் சிக்னல் வரும். ராத்திரி அங்கே கூட்டிப்போகிறேன்

ஜோதி: பாம்பு இருக்கும் இடத்துக்கா? வேண்டவே வேண்டாம்

தேவி: வெள்ளிக்கிழமை எனக்கு வேலை தலைக்கு மேல் இருக்கிறது, யாரும் இங்கே வந்துவிடாதீர்கள்

செந்தில்: சரி, நாளை பேசி முடிவு செய்யலாம். கவின், எது எப்படியானாலும் டீமை இன்றைக்கே மாற்று.

கவின்: காளானுக்கு என்ன பொருள் கொடுக்க

செந்தில்: உன் காளான் ஸ்போரில் தூங்காது, வேறு பொடியும் படாது. அதனால் சேஃப்டி காகிள்ஸைக் கியாரடோஸுக்குக் கொடு. அதைப் போட்டிருந்தால் நிலாவின் காளான் ரேஜ் பவுடர் போட்டாலும் கியாரடோஸ் ஏமாறாது, நேராகக் காண்டாமிருகத்தை அடிக்கலாம். காளானுக்கு சிட்ரஸ் பெர்ரி.

நிலா: இது அநியாயம் சித்தப்பா

முருகன்: செல்வி அக்கா, இரண்டா மூன்றா?

செல்வி: மூன்று என்றே போடுங்கள் மாப்பிள்ளை

ஜோதி: அண்டாவை யார் கொண்டுவருகிறீர்கள் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை