அலைன்மென்ட் பச்சை, ஆனால் பிரேக் போட்டால் இடப்பக்கம் இழுக்கிறது (ஆவ்டி ஏ4 பி7)

செபராங்ஜெயா_காடி:
முன்பக்கம் மல்டி லிங்க், சக்கரத்தைப் பிடிக்கும் ஆர்ம் பக்கத்துக்கு 4. அலைன்மென்ட் (சக்கரக் கோண அளவு) தாளில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு) சரி. கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு) இடது -1°10', வலது -0°30'. நேராகப் போகும், பிரேக் மிதித்தால் இடப்பக்கம் இழுக்கும். இடது டயரின் உள் ஓரம் தேய்கிறது. டயர் கடையில் "இதுல கேம்பர் அட்ஜஸ்ட்மென்ட் இல்ல, 8 ஆர்மும் மாத்துங்க" என்கிறார்கள். அவசியமா அண்ணே?

பழைய_போமன்:
நிற்கிற காரைத்தான் அந்த மிஷின் அளக்கும் தம்பி. பிரேக் மிதிக்கும்போது சக்கரம் எங்கே நகர்கிறது என்று அதற்குத் தெரியாது.

மைவி, சாகா மாதிரி கார்களில் சக்கரம் திரும்பும் அச்சு அப்சோர்பர் மேல் பேரிங்கிலிருந்து லோவர் ஆர்ம் பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) வரை. உங்கள் ஏ4இல் மேல் ஆர்ம் இரண்டையும் கற்பனையில் நீட்டினால் வெட்டும் புள்ளி ஒன்று, கீழ் இரண்டுக்கும் ஒன்று. இவற்றைச் சேர்க்கும் கோடுதான் அச்சு. அது டயர் நடுவுக்குப் பக்கத்தில் விழுவதால் பள்ளத்திலும் ஸ்டீயரிங் கையை அவ்வளவாக உதறாது. ஆனால் ஒரு புஷ் (ஆர்ம் முனையில் இருக்கும் ரப்பர்) இளகினாலே அந்தப் புள்ளி நகர்ந்துவிடும்.

பிரேக்கில் மட்டும் இழுத்தால் கீழே பின்னால் இருக்கிற வளைந்த ஆர்மின் புஷ்ஷை முதலில் பாருங்கள். உள்ளே எண்ணெய் இருக்கும். வெளியே கசிந்திருந்தால் போச்சு. கம்பியால் நெம்பி இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். பிரேக் காலிப்பர் (பேடை அழுத்தும் பாகம்) நகரும் ஸ்லைடு பின் இறுகியிருந்தாலும் இப்படித்தான் இழுக்கும், அதையும் தள்ளிப் பார்த்துவிடுங்கள். எட்டையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ஒரு ஆர்மை மாற்றினால் எதிர்ப்பக்கத்து ஜோடியையும் சேர்த்து மாற்றுங்கள்.

மேல் ஆர்ம் கழற்றுவதுதான் தலைவலி. இரண்டு பால் ஜாயின்ட்டையும் பிடிக்கும் நீள போல்ட் இரும்பு, நக்கிள் (ஆர்ம்கள் வந்து சேரும் சக்கரத் தாங்கி) அலுமினியம், உப்பேறி ஒட்டிக்கொள்ளும். முதல் நாளே துரு எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். போல்ட் தலையை முதலில் சுழற்றி விடுவியுங்கள், பிறகு தட்டுங்கள். எடுத்ததும் சுத்தியல் போட்டால் முனை பூத்துவிடும். உளியால் இடுக்கை விரித்தால் நக்கிள் உடையும், அப்புறம் ஹாஃப்கட் (பழைய கார் பாகம்) கடைக்கு அலைச்சல்.

கிள்ளான்_சாலை:
புது ஆர்ம் போட்டும் சில மாதத்தில் புஷ் கிழிந்தால், பெரும்பாலும் சக்கரம் தொங்கும்போதே இறுக்கியிருப்பார்கள். ரப்பர் முறுகின நிலையிலேயே காரைத் தாங்குகிறது. ஜேக் போடும் முன் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து வையுங்கள். நக்கிளை அதே உயரத்துக்குத் தூக்கி உள் போல்ட்டுகளை இறுக்குங்கள். கோண அளவில் இறுக்கும் போல்ட் எல்லாம் ஒரு தடவைக்குத்தான்.

கேம்பர் அட்ஜஸ்ட்மென்ட் இல்லை என்பது பாதி உண்மை. சப்ஃபிரேம் (கீழ் ஆர்ம்கள் பூட்டியிருக்கும் சட்டம்) போல்ட்டை இளக்கி பக்கவாட்டில் நகர்த்தினால் இடது-வலது வித்தியாசம் சமமாகும். உங்கள் அளவுக்கு இரண்டும் -0°50' வரும். கூட்டுத்தொகை மாறாது, அதுவே அளவுக்கு மீறியிருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது. புஷ் வேலை முடிந்த பிறகே இதைத் தொடவேண்டும். வரிசை: பின் சக்கரம், முன் கேம்பர், கடைசியில் டோ.

செபராங்ஜெயா_காடி:
உள் ஓரம் தேய்வது கேம்பராலா, டோவாலா?

கிள்ளான்_சாலை:
டயர்மேல் உள்ளங்கையைக் குறுக்கே இரண்டு திசையிலும் தேயுங்கள். ஒரு திசையில் ரம்பம்போல் உறுத்தினால் டோ. வழவழவென்று சாய்வாகத் தேய்ந்திருந்தால் கேம்பர். -1°10' மட்டும் ஒரு டயரைச் சீக்கிரம் தின்றுவிடாது, எனக்கு டோமேல்தான் சந்தேகம். டை ராட் (ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பி) பால் ஜாயின்ட் நக்கிளில் உட்காரும் உயரத்தை யாராவது மாற்றியிருந்தால், நிற்கும்போது டோ சரியாகக் காட்டும், மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது மாறும். அலைன்மென்ட் ரேக்கிலேயே முன்பக்கத்தை 60 மி.மீ. தூக்கி இரண்டு பக்க டோ மாற்றத்தையும் ஒப்பிடச் சொல்லுங்கள்.